அவளுக்கு மட்டும் கேட்கிற பெட்டி

சபீனாவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டதில் போன வாரம் கதையை நிறுத்தினேன். கச்சேரி பாடுகிறவளுக்குத் தொண்டை கட்டுவது ஒன்றும் அதிசயம் இல்லை. வெந்நீரும் மிளகும் இரண்டு நாள் மௌனமும் போதும், சரியாகிவிடும். ஆனால் அவளுக்குப் பதிலாக ஜெபா யாரைக் கூப்பிட்டான் பாருங்கள், அங்கேதான் வம்பு.

ஜெபா மெல்லிசைக் குழு நடத்துகிறவன். கீபோர்டும் அவனே, வேன் டிரைவரும் அவனே. காலையில் பல் துலக்குவதற்கு முன்பே மோகனப்பிரியாவுக்குப் போன் அடித்தான்.

"அக்கா, சாயந்தரம் அம்பத்தூர்ல ரிசப்ஷன். சபீனாவால வாயே திறக்க முடியல. நீதான் வந்து காப்பாத்தணும்."

"சரிடா, வரேன்" என்று சொல்லிவிட்டாள். போனை வைத்த பிறகுதான், எப்போதும் கேட்கிற கேள்வியைக் கேட்காமல் விட்டது உறைத்தது. 'சவுண்டு யாரு?'

இரண்டு வருஷமாக யார் பாடக் கூப்பிட்டாலும் அவள் முதலில் கேட்பது அதைத்தான். பதிலில் ஒரு பெயர் வந்தால் போதும், உடனே அவளுக்குத் தலைவலி வரும், அவள் அக்காவுக்குக் காய்ச்சல் வரும், அக்கா வீட்டுக்கு விருந்தாளி வருவார்கள். அந்தப் பெயர் வெற்றிச்செல்வன். அவளைத் தொட்டுத் தாலி கட்டிய புருஷன்.

திரும்பக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். கேட்டால் மறுக்க வேண்டிவரும். இன்றைக்கு மறுக்க அவளுக்கு மனசு வரவில்லை.

திருநின்றவூரில் ரயில் ஏறி உட்கார்ந்தாள். இந்த ரயில் அண்ணனூரில் நிற்காமல் போனால் எவ்வளவோ நிம்மதி. ஒவ்வொரு தடவையும் நின்று தொலைக்கிறது. பணிமனையைத் தாண்டியதும் தண்டவாளத்தை ஒட்டின தெருவில் மஞ்சள் சுவர் வீடு. மொட்டை மாடியில் ஸ்பீக்கர் பெட்டிகளின் மேல் போர்த்திய நீலத் தார்ப்பாய். அவள் வாழ்ந்த வீடு. வழக்கமாக அந்த இடம் வந்ததும் எதிர்ப்பக்க ஜன்னலைப் பார்த்துக்கொள்வாள்.

இன்றைக்குப் பார்த்துவிட்டாள். கொடியில் பச்சைப் போர்வை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. கல்யாணமான புதிதில் ஆவடி மார்க்கெட்டில் அவளே பேரம் பேசி வாங்கியது. இன்னும் அதைத்தான் போர்த்திக்கொள்கிறானா?

அந்தப் போர்வைக்காக அழுகை வந்தது. வீட்டை விட்டு வந்த அன்றுகூட இப்படி வரவில்லை.

அந்தக் கதையை ஏற்கெனவே படித்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள், புதிதாக வந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு திருவிழா நாள். வெற்றி பூந்தமல்லிப் பக்கம் மேடைக்கு சவுண்டு போட்டுக்கொண்டிருந்தான். திருநின்றவூரில் பிரியாவின் அம்மாவுக்கு நெஞ்சு வலி. பிரியா அவனுக்குப் போன் மேல் போன் அடித்தாள். மலை மாதிரி பெட்டிகள் அலறுகிற இடத்தில் சட்டைப் பையில் கிடந்த போன் எப்படிக் கேட்கும்? எல்லாம் முடிந்து ஒயர் சுற்றுகிறபோதுதான் எடுத்துப் பார்த்தான். அதற்குள் அம்மா போய்விட்டாள்.

"ஊருக்கெல்லாம் கேக்க வெக்கிற. நான் கூப்ட்டது உனுக்கு கேக்கல" என்றாள் பிரியா. காரியத்துக்கு அக்கா வீட்டுக்குப் போனவள் அங்கேயே தங்கிவிட்டாள்.

அவன் போய்க் கூப்பிடவில்லையா என்று கேட்பீர்கள். எத்தனையோ ஞாயிற்றுக்கிழமை திருநின்றவூர் ஸ்டேஷன் வரை போனான். படி இறங்கி வெளியே வந்து ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிவிட்டான். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று அவனுக்குத் தெரியவில்லை. இது அவன் அம்மா தாயம்மாவுக்குத் தெரியாது. பிரியாவுக்கும் தெரியாது. உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்.

*

அம்பத்தூர் ஓ.டி. பக்கத்தில் இருந்த அந்தக் கல்யாண மண்டபத்தில் மதியத்திலிருந்தே வெற்றி வேலையில் இருந்தான். கூட அவன் தொழில் கூட்டாளி கிருபாகரன். மேடைக்கு இரண்டு பக்கமும் பெரிய பெட்டிகள் ஏறியாயிற்று. மிக்ஸர் ஹாலின் கடைசியில், வாசலுக்குப் பக்கத்தில். கூட்டத்துக்கு என்ன கேட்கிறதோ அது சவுண்டுக்காரனுக்கும் கேட்க வேண்டும், அதற்காகத்தான் அவ்வளவு தூரம்.

மேடையில் பாடகியின் காலடியில் முகத்தைப் பார்த்துச் சாய்த்து ஒரு சின்னப் பெட்டி வைப்பார்கள். மானிட்டர் என்று பெயர். பெரிய பெட்டியெல்லாம் கூட்டத்துக்கு. பாடுகிறவளுக்குத் தன் குரலே கேட்காது, கேட்காவிட்டால் சுருதி போய்விடும். அந்தச் சின்னப் பெட்டி அவளுக்கு மட்டும்.

மிக்ஸரில் டாக்பேக் என்று ஒரு பட்டன் உண்டு. அதை அமுக்கிப் பேசினால் பேச்சு அந்தச் சின்னப் பெட்டியில் போய் விழும். கல்யாணத்துக்கு முன்னால் வெற்றி அதில்தான் அவளைக் காதலித்தான். "தலைல பூ சாயுது, சரி பண்ணு" என்பான். "இந்தப் பாட்டுக்கு இந்தப் புடவை சோக்கா கீது" என்பான். அவள் மேடையில் காரணமே இல்லாமல் சிரிப்பாள். நமக்குப் பிடித்த வரி போலிருக்கிறது என்று கூட்டம் கை தட்டும்.

மாலையில் ஜெபாவின் வேன் வந்து நின்றது. கீபோர்டு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஜெபா, பின்னால் ஸ்டேஷனில் ஏற்றிக்கொண்டு வந்த மோகனப்பிரியா. வெற்றி கையில் இருந்த ஒயர்ச் சுருள் அப்படியே கீழே விழுந்தது.

"மச்சான், யார் வராங்கோ பார்த்தியா?" என்றான் கிருபாகரன்.

"கண்ணு கீது எனுக்கு."

அவள் மேடை ஏறினாள். மிக்ஸர் பக்கம் திரும்பவே இல்லை. மைக்கை வாங்கி, "செக், செக்" என்றாள். பிறகு ஒரு பல்லவியை மெதுவாகப் பாடினாள்.

பாடகிக்கும் சவுண்டுக்காரனுக்கும் நடுவில் கை ஜாடை உண்டு. ஒரு விரலை மேலே காட்டினால் மானிட்டரில் என் குரலை ஏற்று என்று அர்த்தம். கீழே காட்டினால் இறக்கு. எந்த ஊர் மேடையில் நின்றாலும் பிரியாவுக்குக் கொஞ்ச நேரம் விரல் ஆட வேண்டியிருக்கும். ஒருத்தன் குரலைக் கத்தி மாதிரி வைப்பான், இன்னொருத்தன் கிணற்றுக்குள் தள்ளிவிடுவான்.

இன்றைக்கு அவள் விரல் பாதி எழுந்து நின்றது. கேட்க ஒன்றும் இல்லை. குரல் முன்னால், கீபோர்டு தாழ்வாக, அவளுக்குப் பிடித்த அளவுக்கு மட்டும் ஒரு துளி எதிரொலி. அவள் மூச்சை வேகமாக விடும்போது வருகிற இரைச்சலைக்கூட அவன் முன்கூட்டியே வெட்டியிருந்தான். இரண்டு வருஷமாக எந்த மேடையிலும் கிடைக்காத தன் குரல் காலடியில் கேட்டது.

அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு விரல் காட்டுகிற சாக்கைக்கூட இந்த மனுஷன் விட்டு வைக்கவில்லையே!

*

பெண் வீட்டுக்காரர் தங்கவேல் அண்ணனூர்க்காரர். அதனால் தாயம்மா தெருவோடு சேர்ந்து வந்திருந்தாள். மேடைக்கு மிக அருகில் முதல் வரிசையில் ஒரு நாற்காலியைப் பிடித்துப் போட்டுக்கொண்டாள். மருமகளைப் பார்த்ததும் நாற்காலி, இடம் எல்லாம் மறந்து எழுந்து போனாள்.

"நல்லா கீறியாம்மா?"

"கீறேன் அத்தே. உங்க முட்டி வலி?"

"அது கெடக்குது. துன்னியா? பாட்டு ஆரம்பிச்சா கடைசி பந்திதான் கெடைக்கும்."

"அப்பால சாப்டுக்கறேன் அத்தே."

வீட்டுக்கு வா என்று கூப்பிடத் தாயம்மாவுக்கு நாக்கு நுனி வரை வந்தது. மகன் கூப்பிட வேண்டியதை நாம் கூப்பிட்டால் இவள் நமக்காக வருவாள், அது நிலைக்காது என்று விழுங்கிக்கொண்டாள். கையிலிருந்த மல்லிகைச் சரத்தில் பாதியைக் கிள்ளி மருமகள் தலையில் வைத்துவிட்டு முதல் வரிசைக்குத் திரும்பினாள்.

*

பாடகி மேடை ஏறுவதற்கு முன்னால் அவள் மைக்கை ஒருமுறை சோதிப்பது வெற்றியின் பழக்கம். ஹாலுக்குப் போகாமல் அந்த ஒரு மைக்கை மட்டும் ஹெட்போனில் கேட்க மிக்ஸரில் வசதி உண்டு. பேட்டரி சரியா, கரகரப்பு இருக்கிறதா என்று அரை நிமிஷம் கேட்டுவிட்டு எடுத்துவிடுவான். அடுத்தவர் பேச்சை அதற்கு மேல் கேட்பது தொழிலுக்கு அழகில்லை.

ஹெட்போனை மாட்டினான். பட்டனை அமுக்கினான். மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் பிரியா ஜெபாவோடு பேசிக்கொண்டிருந்தாள். மைக் கையில் இருந்தது, சுவிட்ச் போட்டபடி. சவுண்டுக்காரன் பெண்டாட்டிக்கு இது தெரியாதா? மறந்தாளா, மறந்த மாதிரி இருந்தாளா என்பதை அவளிடம்தான் கேட்க வேண்டும்.

"தோஹால ஒரு ஹோட்டல்ல பாடறதுக்குக் கூப்ட்டுகீறாங்கோ ஜெபா. ரெண்டு வருஷம். இந்த ரிசப்ஷன் முடிஞ்சதும் ஏஜெண்டுக்குப் போன் பண்ணி சொல்லணும்."

"போறியா அக்கா?"

"இங்க இன்னா கீது எனுக்கு?" தலைப் பூவைச் சரி செய்கிற சரசரப்பு மைக்கில் விழுந்தது. பிறகு, "எளச்சிப் பூட்டாருடா. பார்த்தியா?"

ஹெட்போனை எடுக்க வேண்டிய நேரம் அது. எடுக்க வெற்றியின் கை வரவில்லை.

சரியாக அந்த நேரத்தில் கிருபாகரன் வந்து பக்கத்தில் நின்றான். வாய் ஓயாமல் பேசினான்.

"மச்சான், ஸ்பேர் மைக்க பந்தி பக்கம் எடுத்துகினு பூட்டாங்கோ. வாசல்ல கார அடைச்சி நிறுத்திட்டான் ஒருத்தன், நம்பர் சொல்லணுமாம். அதனால டாக்பேக்க பெரிய பெட்டிக்குத் திருப்பி வுட்டுகீறேன். நீ அமுக்கினா ஹால் பூரா கேக்கும், பார்த்துக்க. நான் போய் கார் நம்பர் பார்த்துகினு வரேன். இன்னா?"

வெற்றி தலையை ஆட்டினான்.

இந்தத் தலையாட்டலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஹெட்போன் மாட்டினவன் ஆட்டுகிற தலைக்கு அர்த்தமே கிடையாது. கிருபாகரன் உதடு அசைந்தது அவனுக்குத் தெரிந்தது. காதில் விழுந்ததெல்லாம் பிரியாவின் மூச்சுதான்.

*

மாப்பிள்ளையும் பெண்ணும் மேடையில் வந்து நின்றார்கள். பரிசுக்கு வரிசை நீண்டது. பிரியா ஓரமாக நின்று பாட ஆரம்பித்தாள்.

முதல் பாட்டு, இரண்டாவது பாட்டு. ஹெட்போனை இன்னும் கழற்றாமல் அவள் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த வெற்றியின் கை தானாக வேலை செய்தது. மேல் ஸ்தாயியில் அவள் மைக்கைக் கொஞ்சம் தள்ளிப் பிடிப்பாள், அப்போது ஏற்ற வேண்டும். பெரிய பெட்டிக்கு முன்னால் நகர்ந்தால் கூச்சல் கிளம்பும், அதற்குள் இறக்க வேண்டும். அவள் எப்போது நகர்வாள் என்பது அவளுக்கு முன்னால் இவனுக்குத் தெரியும். இப்படி ஒருத்தியைத் தெரிந்து வைத்துக்கொண்டு எப்படி இரண்டு வருஷம் சும்மா இருந்தேன் என்று தன் மேலேயே எரிச்சல் வந்தது.

தோஹா. அங்கே எவனோ ஒருவன் மிக்ஸரில் உட்காருவான். அவனுக்கு அவள் விரல் காட்டுவாள். மஞ்சள் வீட்டில் இவனும் அம்மாவும் டிவி பார்த்துக்கொண்டு சாப்பிடுவார்கள். ரயில் போகும், வரும். அதில் அவள் இருக்க மாட்டாள். இப்போதாவது எந்த ரயிலிலாவது அவள் இருப்பாள் என்று மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

நிகழ்ச்சி முடிந்து சொல்லலாம் என்றால் அதற்குள் அவள் ஏஜெண்டுக்குப் போன் பண்ணிவிடுவாள். மேடைக்குப் போய்ச் சொல்ல மிக்ஸரை விட்டு எழுந்திருக்க முடியாது. ஓடுகிற நிகழ்ச்சியில் சவுண்டுக்காரன் இடத்தை விட்டு நகரக் கூடாது. அவன் ஒரு நாளும் நகர்ந்ததில்லை, அவள் அம்மா செத்த அன்றுகூட.

அவளிடம் போக அவனுக்கு ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்தச் சின்னப் பெட்டி.

மூன்றாவது பாட்டு முடிந்தது. கை தட்டல் அடங்கியது. பிரியா தண்ணீர் குடித்தாள். வெற்றி கண்ணை மூடிக்கொண்டு டாக்பேக் பட்டனை அமுக்கினான்.

"பிரியா..."

ஹாலின் இரண்டு பக்கத்திலிருந்தும் அந்தப் பெயர் எழுந்து கூரையில் இடித்தது. காதை இறுக்கி ஹெட்போன் மாட்டியிருந்தவனுக்கு அது தெரியவில்லை.

"தோஹாவுக்கெல்லாம் போவாதே பிரியா. ஊட்டுக்கு வந்துரு. அன்னிக்கு எனுக்கு கேக்கல, சத்தியமா கேக்கலடி. கேட்டிருந்தா எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்திருப்பேன். உன் அக்கா ஊட்டாண்ட வர தைரியம் இல்லாம ஸ்டேஷன்லயே டீ குடிச்சிகினு திரும்பிடறேன். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும். வந்துரு."

பரிசு கொடுக்க வந்தவர் உறையை நீட்டியபடியே நின்றார். மாப்பிள்ளை அதை வாங்காமல் பெட்டியைப் பார்த்தான். இரண்டாவது வரிசையில் ஒரு பெரியவர், "எந்த வண்டி நம்பரு சொல்றான்?" என்று பக்கத்தில் விசாரித்தார். பந்தியிலிருந்து எச்சில் கையைக் கழுவாமல் சிலர் எட்டிப் பார்த்தார்கள்.

வெற்றி கண்ணைத் திறந்தான். ஹாலில் இருந்த அத்தனை முகமும் தன் பக்கம் திரும்பியிருந்தது. வாசலிலிருந்து கிருபாகரன் இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

"வுடு மச்சான், பட்டன வுடு! ஹால் பூரா கேக்குது! சொன்னேன் இல்ல?"

விரலை எடுத்தான். ஹெட்போனை எடுத்தான். தன் கடைசி வார்த்தையின் எதிரொலி மண்டபத்தில் அடங்குவது கேட்டது. காதெல்லாம் சுட்டது. பூமி பிளந்தால் மிக்ஸரோடு உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

மேடையில் பிரியா அசையாமல் நின்றாள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் என்று அவன் சொன்ன இடத்தில்தான் அவள் முகம் மாறியது. திருநின்றவூர் ஸ்டேஷன் வாசல் டீக்கடை அக்கா வீட்டு மாடியிலிருந்து கூப்பிடு தூரம்.

கூட்டம் அவள் வாயைப் பார்த்தது. கையில் மைக் இருக்கிறது. என்ன சொன்னாலும் ஊரே கேட்கும்.

அவள் கட்டை விரலால் மைக்கின் சுவிட்சைத் தள்ளினாள். பச்சை விளக்கு அணைந்தது. மிக்ஸரை நேராகப் பார்த்தாள், அந்த மாலையில் முதல் முறையாக. பிறகு ஏதோ சொன்னாள். நீளமாக இல்லை, மூன்று நான்கு வார்த்தை இருக்கும்.

வெற்றி அவசர அவசரமாக ஹெட்போனை மாட்டி அவள் மைக்கின் பட்டனை அமுக்கினான். ஒன்றும் இல்லை. ஒரு ஹாலில் எந்த மூலையில் எந்த ஒயர் முனகினாலும் கண்டுபிடிக்கிறவன். அவள் உதடு அசைந்ததை மட்டும்தான் பார்த்தான்.

ஜெபா நல்ல பிள்ளை. நிலைமையைப் புரிந்துகொண்டு சட்டென்று அடுத்த பாட்டின் முன்னிசையை ஆரம்பித்தான். பிரியா திரும்பி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, சுவிட்சைப் போட்டுப் பாடினாள். பரிசு வரிசை நகர்ந்தது. ஜனங்களுக்குப் பேச ஒரு வாரத்துக்கு விஷயம் கிடைத்தது.

தாயம்மா முதல் வரிசையிலிருந்து எழுந்தாள். முட்டியைப் பிடித்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே நடந்து கடைசியில் இருந்த மிக்ஸருக்கு வந்தாள். கண் கலங்கியிருந்தது. அது சந்தோஷமா துக்கமா என்று வெற்றியால் படிக்க முடியவில்லை. ஹெட்போனைக் கழுத்துக்கு இறக்கினான்.

"அம்மா, நீ பக்கத்துல தான குந்தினு இருந்த. உனுக்கு கேட்டுச்சா?"

"கேட்டுச்சி."

"இன்னா சொன்னாம்மா?"

"சொல்ல மாட்டேன்."

"அம்மா!"

"அவ உன்கிட்ட சொன்னாடா. என்கிட்டயா சொன்னா? இந்த தபாவாச்சும் நீயே போய் கேளு."

"பாட்டு ஓடிகினு கீதும்மா. நான் எப்படி எழுந்து போறது?"

தாயம்மா அவனையே பார்த்தாள். அன்றைக்குப் பூந்தமல்லியிலிருந்து தாமதமாக வந்தவனைச் சாவு வீட்டு வாசலில் எப்படிப் பார்த்தாளோ, அதே பார்வை.

வெற்றி ஒரு கையால் அவள் குரலை ஏற்றியபடி சற்று நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு ஹெட்போனைக் கழற்றி கிருபாகரன் தலையில் மாட்டினான்.

"மச்சான், மூணாவது வரில மைக்க தள்ளிப் பிடிப்பா. அப்போ ஏத்து. அவ மானிட்டர்ல மட்டும் கைய வெக்காதே."

"நீ எங்க போற? ஷோ ஓடிகினு கீது!"

"தெரியும்."

அவன் எழுந்து நடந்தான். நடு வழியில், பூ ஜாடிகளையும் குழந்தைகளையும் விலக்கிக்கொண்டு, மேடையை நோக்கி. பிரியா பாடிக்கொண்டே ஹாலின் கடைசியைப் பார்த்தாள். மிக்ஸரில் வேறு ஆள் உட்கார்ந்திருந்தான். எந்த நிகழ்ச்சியிலும் வெற்றி விட்டு எழாத நாற்காலியாயிற்றே, எங்கே போனான் என்று தேடியவள், பாதி ஹால் தாண்டி வந்துகொண்டிருந்தவனைக் கண்டாள்.

இடையிசை முடிந்து சரணம் தொடங்க வேண்டிய இடம் வந்தது. பிரியா பாடவில்லை. ஜெபா அந்த இடத்தைத் திரும்ப ஒருமுறை வாசித்தான். அப்போதும் அவள் பாடவில்லை, வருகிறவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஜெபா மூன்றாவது முறையும் வாசித்தான்.